ஏற்காட்டுல இருக்குற டிரம் ராக்கு சூளையை 1250 டிகிரிக்கு ஏத்த முடியுமா?

கேள்வியை ஒருதரம் திருப்பிச் சொல்லிக்கறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. ஏற்காட்டுல எஸ்டேட்டுக்குள்ள சின்னதா ஸ்டுடியோ வச்சிருக்கீங்க, 200 லிட்டர் டிரம்முல ஒரு இன்ச் செராமிக் ஃபைபர் பிளாங்கெட் (சூடு தாங்குற பஞ்சுப் போர்வை) கட்டி, கீழ ஒரு கேஸ் பர்னர் வச்சு ராக்கு சூளை, அதாவது பானையைச் சூடா இருக்கும்போதே இடுக்கியால எடுத்து புகையில போடுற முறைக்கான சூளை, பண்ணியிருக்கீங்க. 850 வரைக்கும் நல்லா ஏறுது, அதுக்கு மேல நொண்டுது. இதையே 1250க்கு ஏத்தி எஸ்டேட் கடையில விக்கிற மாதிரி காபி மக் சுட முடியுமா, பிஸ்க்கும் (கண்ணாடிப் பூச்சு போடுறதுக்கு முன்னாடி பச்சைப் பானையைச் சுடுற முதல் சூடு) இதுலயே போட்டுக்கலாமா, சேலத்துல ஒருத்தர் சொன்னபடி உள்ள மேக்னசைட் செங்கல் அடுக்கிட்டா 1700 வரைக்கும் தாங்குமா, மீட்டர் காட்டுற சூட்டை எப்படி நம்புறது. இதான் எழுதியிருக்கீங்க. மொத்தத்துல ஒரே சூளையை வச்சு எல்லா வேலையையும் முடிச்சுக்கலாமாங்கறதுதான் கேக்குறீங்கன்னு எடுத்துக்கறேன்.

நான் வேலை பார்த்தது சேலத்துல ஃபர்னஸ் லைனிங் பக்கம், மண்ணு பைத்தியம் பின்னாடி புடிச்சது, ராக்கு பல வருஷமா பண்றேன். ஸ்டோன்வேருக்கு (உயர் சூட்டுல கெட்டியா சுடுற பாத்திரம்) கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு, கலக்குறதுல எனக்குக் கை கம்மி, அதனால அந்த இடம் வரும்போது சூளைக்காரன் பேச்சா மட்டும் எடுத்துக்கங்க.

நேரா பதில்: 1050 வரைக்கும் இந்த டிரம்மை தைரியமா ஓட்டலாம், பிஸ்க் போடலாம் ஆனா பொறுமை வேணும், 1250க்கு போகாதீங்க, மேக்னசைட் செங்கல் வேண்டவே வேண்டாம். ஏன்னா ராக்கு சூளைக்கு எவ்வளவு சூடு தாங்கும்ங்கறது பெரிய விஷயமே இல்ல, அது எவ்வளவு வேகமா ஏறுது எவ்வளவு வேகமா இறங்குதுங்கறதுதான் விஷயம். வேகமா ஏறி வேகமா இறங்கணும்னே கட்டுன சூளை அது, மக்குக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர்.

ஃபைபர்ல இருந்து ஆரம்பிப்போம். பெட்டி மேல 1260னு போட்டிருக்கும், அதைப் பாத்துட்டு 1250 போகலாம்னு நினைக்கிறது எல்லாருமே பண்றதுதான். அந்த 1260 தினமும் ஓட்டுற சூடு கிடையாது. அந்தச் சூட்டுல 24 மணி நேரம் வச்சா எவ்வளவு சுருங்குதுன்னு பாத்து, சில சதவீதத்துக்கு மேல சுருங்கக் கூடாதுன்னு ஒரு வரம்பு வச்சு குடுக்குற கிளாஸ் நம்பர். தொடர்ந்து ஓட்டுறதுக்கு அதுல இருந்து 100, 150 கழிச்சுக்கணும், கேஸ் தீ நேரா படுற இடத்துல இன்னும் கழிக்கணும். மீறினா என்ன ஆகும்னு கண்ணால பாக்கலாம், முதல்ல ஜாயின்ட்ல விரல் போற மாதிரி சந்து விடும், அந்த சந்து வழியா டிரம் தகடு ராத்திரியில மங்கலா சிவந்து தெரியும், பர்னருக்கு எதிர்ப்பக்கம் ஃபைபர் பஞ்சு மாதிரி இருந்தது அட்டை மாதிரி விறைச்சுப் போயிருக்கும், நகத்தால கீறினா பொடியா கொட்டும். அந்தப் பொடி சாதாரணப் பொடி இல்ல. 1000 தாண்டி திரும்பத் திரும்ப சூடேறின ஃபைபர்ல கிறிஸ்டோபலைட்னு ஒரு வகை சிலிகா உருவாகும், நுரையீரலுக்கு அது ஆகவே ஆகாது. புது ஃபைபரையே கேன்சர் வரவைக்க வாய்ப்பிருக்குற பொருள்னுதான் உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கு, பழசுல அந்த சிலிகாவும் சேர்ந்திருக்கும். பிரிச்சு மாத்தும்போது தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு N95 மாஸ்க் போட்டுத்தான் தொடணும், வெறும் கர்ச்சீப் கட்டிட்டு உக்காராதீங்க.

அடுத்தது ஃபைபரை பிடிச்சு நிக்கிற கம்பி. நிக்ரோம்னா 1000, 1050ல வருஷக்கணக்குல இருக்கும், 1150 தாண்டினா மெலிஞ்சு மெலிஞ்சு ஒரு நாள் மூடியிலேர்ந்து பிளாங்கெட்டு அப்படியே பானை மேல விழும், கிளேஸ் உருகி நிக்கிற நேரமா பாத்துத்தான் விழும். காந்தால் கம்பி இதைவிட நல்லா தாங்கும். உள்ள பானை அடுக்க வைக்கிற கார்டியரைட் பலகை 1250 தாங்கும்தான், ஆனா ராக்குல அடிக்கடி சூடும் குளிருமா பட்டு அதுல மயிரிழை விரிசல் இருக்கும், அந்த விரிசலோட மேல போனா வளையும். சூடு அளக்குற கே டைப் தெர்மோகப்பிள் 1250 வரைக்கும் காட்டும், ஆனா மெல்லிசு உறை போட்டதுன்னா கொஞ்ச நாள்லயே அளவு பிசகும். ஆக தனித்தனியா எல்லாம் 1200 பக்கம் வந்து நிக்கும், சேர்த்து வச்சா எது முதல்ல விடும்னு சொல்ல முடியாது.

இப்போ மேக்னசைட். சொன்னவர் பொய் சொல்லல. கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளையா தெரியுற அந்த மண்ணுலேர்ந்து வர்ற செங்கல் ஸ்டீல் ஃபர்னஸ்ல 1600, 1700ல நிக்கும், பழைய செங்கல் சேலத்துல சல்லிசா கிடைக்கவும் கிடைக்கும். ஆனா அது அங்க நிக்கிறது எப்பவும் சூடாவே இருக்கறதால. மேக்னீசியா சூட்டுல விரியிற அளவு சாதா ஃபயர் கிளே செங்கலைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல, அதனால திடீர்னு சூடு ஏறி இறங்கினா செதில் செதிலா பேர்ந்து விழும், ராக்கு சூளையோட பொழப்பே திடீர்னு ஏறி இறங்குறதுதான். அது போக வெயிட்டைப் பாருங்க. ஒரு கன மீட்டர் மேக்னசைட் செங்கல் 2900 கிலோ பக்கம், உங்க ஃபைபர் அதே அளவுக்கு 128 கிலோ. அந்த எடையை எல்லாம் முதல்ல சூடாக்கிட்டுத்தான் பானைக்கு சூடு மிஞ்சும். வெப்பத்தையும் அது நல்லா கடத்தி வெளிய அனுப்பும். உங்க பர்னருக்கு 850லயே நொண்டுற சூளை இந்த செங்கலை அடுக்கினா இன்னும் கீழயே நொண்டும். வேணும்னா தரைக்கு மட்டும் லேசான இன்சுலேஷன் செங்கல் போடுங்க, கையில எடுத்தா ரஸ்க் மாதிரி வெயிட்டே இருக்காது, 1260 கிரேடே போதும். ஈரம் ஏறி இருந்தா வெடிக்கும்ங்கறதால ஏற்காட்டு மழையில நனைய விடாதீங்க.

850ல நொண்டுறதுக்கு வருவோம், உங்களுக்கு இப்போ நிஜமா ஆகவேண்டிய காரியம் அதான். அனேகமா பத்துல எட்டு பேர் பண்றது சூடு ஏறலன்னா கேஸை இன்னும் திறக்குறது. உங்க இடத்துல அது தலைகீழ் வேலை. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 84 சதவீதம்தான், அப்போ பர்னர் அதே அளவு காத்தை இழுத்தாலும் அதுல ஆக்சிஜன் கம்மி. கேஸ் மட்டும் ரெகுலேட்டர் பிரஷர்படி அதே அளவு வந்துட்டிருக்கும். சேலத்துல டெஸ்ட் பண்ணி நீலமா எரிஞ்ச பர்னர் மேல போனதும் மஞ்சளா நாக்கு நீட்டும், மூடி ஓட்டை வழியா தீ ஒரு முழத்துக்கு வெளிய வரும், பாக்க பிரமாதமா இருக்கும், ஆனா கேஸ் எரியாம வெளிய போய் காத்தைப் பாத்ததும்தான் எரியுது, உள்ள சூடு ஆகல. அதனால 850ல நின்னா கேஸை கொஞ்சம் குறைச்சு, பர்னருக்குக் காத்து போற ஏர் ஷட்டரை முழுசா திறந்து, பத்து நிமிஷம் சும்மா பாருங்க. மூடி ஓட்டையில தீ நாக்கு உள்ளங்கை அளவுக்கு வந்தா போதும். அப்பவும் ஏறலன்னா பர்னர்ல கேஸ் வர்ற ஜெட் ஓட்டை பெருசு, ஒரு சைஸ் சின்ன ஜெட் மாத்தணும், இல்ல சின்னதா ஒரு ப்ளோயர் வச்சுக்கணும். மூடியில இருக்குற ஓட்டை ரொம்ப சின்னதா இருந்தாலும் இதே மாதிரிதான் மூச்சுத் திணறும், ரொம்ப பெருசா இருந்தா சூடு நேரா வானத்துக்குப் போகும். உங்க அளவு தெரியாம இதுல எதுன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, ஆனா முதல் சந்தேகம் காத்து மேலதான்.

ரெண்டாவது சந்தேகம் சிலிண்டர் மேல. யூடியூப்ல பாக்குற அமெரிக்கா ராக்கு வீடியோ எல்லாம் புரொப்பேன்ல ஓடுறது, அது மைனஸ் 42லயே ஆவியாகும். நம்ம எல்பிஜில பியூட்டேன் நிறைய கலந்திருக்கும், பியூட்டேன் ஆவியாக சுமாரா பூஜ்ஜியம் டிகிரியாவது வேணும். வேகமா கேஸ் இழுக்கும்போது சிலிண்டர் தானா குளிரும், வெளிய பனித்துளி கட்டும், பிரஷர் இறங்கும், டிசம்பர் சாயங்காலம் ஏற்காட்டுல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இதுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டரை அகலமான தொட்டியில சாதா தண்ணியில நிக்க வைங்க, முடிஞ்சா ரெண்டு சிலிண்டர் சேர்த்து இழுங்க. சுடுதண்ணி ஊத்துறது, பக்கத்துல தணல் வைக்கிறது எல்லாம் வேண்டாம், எவ்வளவு பேர் பண்றாங்கன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் வேண்டாம். வீட்டு சிலிண்டரை இதுக்கு இழுக்கறதும் சட்டப்படி தப்பு.

சூட்டை எப்படி நம்புறதுன்னும் கேட்டிருந்தீங்க. தெர்மோகப்பிள் காட்டுறது அதோட நுனி இருக்குற இடத்து சூடு, பானையோடது இல்ல. அரை மணி, முக்கால் மணியில 950க்கு ஏத்தும்போது மீட்டருக்கும் தடிமனான பானைக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும், நுனி தீக்கு நேரா இருந்தா இன்னும் மோசம். பர்னருக்கு எதிர்ப்பக்கம், பானையோட பாதி உயரத்துல, சுவத்துலேர்ந்து ரெண்டு இன்ச் உள்ள நிக்கிற மாதிரி வைங்க. கடைசி முடிவை கண்ணுதான் எடுக்கணும். வெளிச்சம் இறங்கின பிறகு பண்ணா நிறம் தெரியும், 750, 800ல சிவப்பு, 900 தாண்டி ஆரஞ்சு, 1050க்கு மேல மஞ்சள் தட்டும். கிளேஸ் முதல்ல கரகரன்னு மங்கலா இருக்கும், அப்புறம் கொப்புளம் கொப்புளமா பொங்கும், அப்பப் பாத்து கெட்டுப் போச்சுன்னு பயந்து அணைக்காதீங்க, கொஞ்ச நேரத்துல கொப்புளம் அடங்கி ஈரமா பளபளன்னு வரும், பக்கத்து பானையோட விளிம்பு அதுல தெரியும். அதான் எடுக்குற நேரம். மீட்டர் சரியான்னு பாக்க சேலம் செவ்வாய்ப்பேட்டையில தெரிஞ்ச வெள்ளிப் பட்டறை இருந்தா சுத்த வெள்ளித் துணுக்கு ஒண்ணு வாங்கி சின்ன பீங்கான் கிண்ணத்துல தெர்மோகப்பிள் பக்கத்துல வைங்க, வெள்ளி உருகுறது 962 டிகிரி, உருண்டையா திரளும்போது மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம். கொலுசு வெள்ளி வேலைக்கு ஆகாது, அதுல செம்பு கலந்திருக்கறதால முன்னாடியே உருகும். இதே சாக்குல பித்தளை உருக்கிப் பாக்கலாம்னு மட்டும் இறங்கிடாதீங்க, அதுல இருக்குற துத்தநாகம் புகையா கிளம்பி உங்களையும் ஃபைபரையும் சேத்தே கெடுக்கும்.

இந்த 1050 வரைக்கும் இருக்குற இடத்துல என்னென்ன பண்ணலாம்னு பாத்தா நிறையவே இருக்கு. குதிரை முடி, இறகு வச்சு கோடு விழ வைக்கிறது 600, 700லேயே முடிஞ்சிடும், கிளேஸே வேண்டாம். ஒப்வாராங்கறது 850, 900ல சூடா எடுத்து மாவு, ஈஸ்ட் போட்டு புளிக்க வச்ச தண்ணியில முக்குறது, புளிச்ச இட்லி மாவு கரைச்ச தண்ணியில முக்கினாலும் பழுப்புப் புள்ளி நல்லாவே விழும், நான் பண்ணிப் பாத்திருக்கேன். நேக்கட் ராக்குவுக்கும் (மேல் பூச்சு உரிஞ்சு விழுந்து புகைக்கோடு மட்டும் நிக்கிறது) அதே சூடு. விரிசல் கோடு விழுற வெள்ளை கிராக்கிள் கிளேஸ் 950லேர்ந்து 1000. செம்பு மேட்டும் (பளபளக்காத செம்பு நிறப் பூச்சு) அந்தப் பக்கம்தான், ஆனா அந்த நிறத்தை நம்பி விலை வைக்காதீங்க, காத்துல இருக்குற ஆக்சிஜன் மெதுவா சேர்ந்து பச்சையா மங்கிடும், எவ்வளவு நாள்ல மங்கும்ங்கறது கிளேஸைப் பொறுத்தும் வைக்கிற இடத்தைப் பொறுத்தும் இருக்கு. புகைக்கு உங்களுக்கு வசதி ஜாஸ்தி, காபிக்கொட்டை உரிச்ச தோல் நல்லா காய்ஞ்சதா இருந்தா மரத்தூளைவிட மெதுவா, கனமா புகையுது, கிராக்கிள் கோடு ஆழமா கருக்குது. சில்வர் ஓக் இலைச் சருகு சட்டுனு பத்திக்கும், செம்புக்கு அது நல்லாருக்கு. ஆனா பிப்ரவரியிலேர்ந்து எஸ்டேட் முழுக்க அந்த சருகுதான் காய்ஞ்சு கிடக்கும், சூளையைச் சுத்தி மண்ணு தெரியிற வரைக்கும் செதுக்கிட்டு, தண்ணி டிரம் ரெண்டு நிரப்பிட்டு ஆரம்பிங்க.

ராக்குன்னாலே 1000தானான்னு கேட்டா அதுவும் இல்ல. 16ஆம் நூற்றாண்டுல கியோட்டோவுல சோஜிரோ, தேநீர் ஆசான் சென் நோ ரிக்யுவுக்காக பண்ண ஆரம்பிச்ச குடும்ப வழியில கருப்பு ராக்குவை கரியும் துருத்தியும் வச்சு 1200 பக்கம் ஏத்தி, இடுக்கியால வெளிய எடுக்கறாங்க, சிவப்பு அதைவிட நல்லா கம்மியில முடியும். நாம பண்ற புகை போடுற முறை 1960ல அமெரிக்காவுல பால் சோல்ட்னர் சூடான பானையை இலை தழையில போட்டதுலேர்ந்து பரவினது. ஆனா ஜப்பான்ல 1200 ஏத்துறது ஒவ்வொரு கிண்ணமா சின்ன சூளையில, அதுக்குன்னே இருக்குற மண்ணுல. நம்ம டிரம்மை அதோட சேக்க முடியாது.

பிஸ்க் போடலாம்னு சொன்னேன் இல்லையா, அங்க சிக்கல் 1000ல இல்ல, 100லயும் 573லயும்தான். ஃபைபர் சூளை பத்து நிமிஷத்துல 300 போயிடும், உள்ள ஈரம் இருந்தா பானை வெடிக்கும். ஏற்காட்டு உயரத்துல தண்ணி 95லயே கொதிக்கும், அதனால 100க்குக் கீழ வச்சிருக்கோம்னு நினைச்சிட்டிருக்கும்போதே ஆவி கிளம்பிடும், 80, 85ல ரெண்டு மூணு மணி நேரம் பிடிங்க, மழைக்காலம்னா ராத்திரி முழுக்க. உங்க பெரிய பர்னரை அவ்வளவு சின்னதா வச்சா அணைஞ்சிடும், அணைஞ்சது தெரியாம கேஸ் உள்ள தேங்கினா ஆபத்து, அதனால இந்தக் கட்டத்துக்கு ஒரு சாதா ஒத்தை அடுப்பு பர்னர் தனியா வச்சுக்கங்க, பக்கத்துலயே உக்காந்திருங்க. அப்புறம் 600 வரைக்கும் மணிக்கு 100 டிகிரி, 573ல மண்ணுல இருக்குற குவார்ட்ஸ் திடீர்னு விரியும், இறங்கும்போது திடீர்னு சுருங்கும். முடிச்சதும் பர்னர் ஓட்டை, மூடி ஓட்டை ரெண்டையும் ஃபைபர் துண்டால அடைச்சுட்டு மறுநாள் திறங்க. உள்ள நாலஞ்சு இன்சுலேஷன் செங்கல் சும்மா வச்சாலும் இறங்குற வேகம் குறையும். ஒரு இன்ச் ஃபைபரை ரெண்டு இன்ச்சா ஆக்குங்க, ஜாயின்ட் ஒண்ணு மேல ஒண்ணு வராம, செய்ற செலவுல இதுக்குத்தான் பலன் அதிகம், மேல நொண்டுறதும் பாதி சரியாகும்.

மண்ணைப் பத்தி ஒண்ணு. நம்ம ஏரி மண்ணுல பானை பண்றவங்ககிட்ட வாங்குற கலவை ராக்குவுக்கு மோசமில்ல, கரடுமுரடா இருக்கறதால திடீர்னு சூடு ஏறி இறங்குற அதிர்ச்சியைத் தாங்கும், ஆனா மணல் நிறைய போட்டிருந்தா 573 தொல்லை கூடும். மணலைக் குறைச்சு, சுட்ட ஓடுகளை இடிச்சு சலிச்ச தூளை கால் பங்கு போடுங்க. அதே மண்ணுல மக் பண்ணி 1250 போனா சூளை தாங்கினாலும் மண்ணு தாங்காது, சிவப்பு மண்ணு பெரும்பாலும் 1100, 1150 தாண்டினா உப்பிப் போய் உக்காந்திடும், பலகையும் சேர்ந்து போகும்.

மக் மேட்டர்ல ஒண்ணு உறுதி, ராக்கு மக்ல காபி குடிக்கக் குடுக்காதீங்க. உடம்பு நுண்துளையோட இருக்கும், கிளேஸ் பூரா விரிசல், உள்ள பாலும் சர்க்கரையும் ஊறி நாறும், செம்பு கிளேஸ்னா உலோகமும் இறங்கும். மக்னா ஸ்டோன்வேர்தான், 1220லேர்ந்து 1300 வரைக்கும், மெதுவா ஏறி மெதுவா இறங்கணும், மேட் கிளேஸ் எல்லாம் இறங்குற வேகத்துலதான் உருவாகுது. இதுக்கு 1430 கிரேடு ஃபைபர் உள்பக்கமும் 1260 பின்னாடியும் வச்சு மூணு இன்ச், காந்தால் கம்பி, ரெண்டு பர்னர்னு புதுசா ஒரு சூளையே கட்டணும், டிரம்முக்குப் பண்ற செலவு அதுல கால்வாசி கூட வராது. ஆரம்பத்துக்கு மக்கை பச்சையா கொண்டு போகாம பிஸ்க் போட்டு பாண்டிச்சேரி, ஆரோவில் பக்கம் சூளையில இடம் கேளுங்க, 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சதுலேர்ந்து அந்தப் பக்கம் ஸ்டோன்வேர் ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. விருத்தாசலத்துலயும் செராமிக் தொழில் இருக்கு, மண்ணும் அங்கேயே விசாரிக்கலாம். இல்லன்னா பழைய கரண்ட் சூளை ஒண்ணு வாங்குங்க, அதுல மட்டும் ராக்கு எடுக்காதீங்க, சூடா திறந்து இடுக்கி விடும்போது எலிமென்ட்ல பட்டா ஷாக், அதுவும் இல்லாம காயில் சீக்கிரம் நொறுங்கும்.

முதல்ல கேஸைக் குறைச்சு ஏர் ஷட்டரைத் திறந்து ஒரு ஃபயரிங் போட்டுப் பாருங்க. அப்பவும் 900 தாண்டலன்னா ஜெட் ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், மூடி ஓட்டை எவ்வளவு அகலம், ரெகுலேட்டர்ல என்ன பிரஷர் காட்டுது, மூணையும் எழுதுங்க, கணக்குப் போட்டு சொல்றேன்.